மூன்று நரம்பும் ஒரு துண்டுத் தங்கூசியும்

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. அப்போது நான் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு வவுனியாவில். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்த் திங்கள் விடியத் திரும்பி வருகிற பழக்கம், பஸ்கள் குறையக் குறைய, மாதத்துக்கு ஒருதரம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தள்ளி, வயலோரத்து வீடொன்றில் அறை எடுத்திருந்தேன்.

அதே அறையில் என்னோடு இன்னொரு ஆசிரியை இருந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். என்னைவிட ஆறு வயது இளையவள். ஜெயபுரத்துப் பிள்ளை. அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டமொன்றை விட்டு வந்து, அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களோடு கதைக்கும்போது "ஓம்" என்பாள். தாயோடு போனில் கதைக்கும்போது அதே வாய் "ஆமாம்மா" என்று மாறிவிடும். அவளுக்கே அது தெரியாது. நான் ஒருநாள் சொன்னபோது நம்பாமல் சிரித்தாள்.

வீட்டுக்காரரை நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். கணவன் இறந்த பிறகு தனி ஆளாக நின்று வயல் செய்தவர். எங்களுக்குத் தனிக் குசினி தந்திருந்தார். ஆனாலும் அங்கே என்ன வேகிறது என்று ஒருதரம் எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

தம்பி பிரான்சிலிருந்து அனுப்பிய பெட்டி வந்தது அந்த நாட்களில்தான். சைக்கிளில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தோம். சவர்க்காரம், கோப்பி, அம்மாவுக்கு இரண்டு சுவெற்றர் (வவுனியா வெயிலுக்கு!), எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புத் துணிப்பை. திறந்தால் கிற்றார் மாதிரி ஒன்று. ஆனால் கைக்குழந்தை அளவுதான். நாலு நரம்பு. உள்ளே ஒரு துண்டுக் கடதாசி. "சின்னனில கிற்றார் வேணுமெண்டு அழுதனீங்கள். இதுக்குப் பெயர் யுகுலேலே. பழகுங்கோ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல ஞாபகம் வந்தது. நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது, நத்தார் (கிறிஸ்மஸ்) நிகழ்ச்சியொன்றில் ஒரு அக்கா கிற்றார் வாசித்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்திருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு ஏழு. நான் மறந்தே போனேன். அவன் எப்படி அதை இத்தனை வருடம் வைத்திருந்தான்? கடதாசியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

"அக்கா, தட்டிப் பாருங்களேன்" என்றாள் அவள்.

தட்டினேன். நாலு நரம்பும் நாலு பக்கம் போயின. வாசலில் நின்ற அன்ரி, "பழுதாப்போய் வந்திருக்குப் போல" என்றார்.

பழுதில்லை, சுருதி சேர்க்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். கிணற்றடியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே போய் நின்று தன் போனில் அதற்கான ஒரு செயலியை இறக்கினாள். நரம்பைத் தட்டினால் திரையில் ஒரு எழுத்து வரும். அதற்குக் கீழே ஒரு ஊசி ஆடும். ஊசி நடுவில் வந்து பச்சையானால் சரி. நாலு நரம்புக்கும் நாலு எழுத்து: ஜி, சி, ஈ, ஏ. இவ்வளவுதான். இருபடிச் சமன்பாடு படிப்பிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

வாத்தியத்தைக் கட்டிலில் கிடத்தி, என் பக்கமிருந்து எண்ணத் தொடங்கினேன். முதல் நரம்பு ஏ என்று காட்டியது. கொஞ்சம் தளர்த்தியதும் ஜி வந்தது, பச்சை. எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த நரம்பு ஈ என்று காட்டியது. அதை சி ஆக்க வேண்டும். முறுக்கினேன். எஃப் வந்தது. இன்னும் முறுக்கினேன். ஜி. பிறகு ஏ.

"அக்கா, இது கூடிக்கொண்டே போகுதே. சி கீழயெல்லோ இருக்கு?"

"ஏக்குப் பிறகு பி, பிறகு திரும்ப சி தானே. பேசாமல் இரு."

பி வந்தது. திருகு விரலுக்கு இறுகியது. மரம் லேசாக முனகியது. இன்னும் ஒரு அரைச் சுற்று என்று திருகினேன். பட் என்று ஒரு சத்தம். நரம்பு அறுந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் சுளீரென்று அடித்தது. அவள் "அம்மா!" என்று கத்தினாள். அன்ரி அகப்பையோடு ஓடி வந்தார். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. நான் பயந்துபோய் அவளுடைய முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணில் படவில்லை. அது போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்ன காயம் என்று கேட்க, பூனை பிறாண்டியது என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று பின்னேரம் தம்பி வீடியோவில் வந்தான். வாத்தியத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னான். பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, மற்றப் பக்கத்தால எண்ணியிருக்கிறீங்கள். ஏ இருக்க வேண்டிய இடத்தில ஜியை வைச்சு... கடவுளே, கணக்கு ரீச்சர்!" புது நரம்பு அனுப்புகிறேன் என்றான். ஆனால் தபாலில் போட்டால் எப்போது வந்து சேரும் என்று அந்த நாட்களில் யாராலும் சொல்ல முடியாது.

அறுந்த நரம்பை அன்ரிதான் கையில் எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"பிள்ளையள், இது தங்கூசியெல்லோ. தூண்டிலுக்குக் கட்டுறது. பாகல் பந்தலுக்குக் கட்ட நான் வாங்கினது மிச்சம் கிடக்கு, பாருங்கோ" என்று கொண்டுவந்து தந்தார். அது மிகவும் தடிப்பாக இருந்தது. திருகின் துளைக்குள் நுழையவேயில்லை. "அப்ப முல்லைத்தீவுக்குத்தான் போகவேணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டு, பாகற்காய் பறிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை போனோம். அறுந்த நரம்பைக் கடித உறைக்குள் போட்டு, அவள் தன் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தாள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. புதுக்குடியிருப்பு தாண்டும்வரை ஒற்றைக்காலில் நின்றேன். எல்லோரும் ஏதோ முக்கியமான அலுவலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்க, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க, எரிவாயு வந்ததா என்று விசாரிக்க. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "பிள்ளையள் எங்க போறியள்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "கடைக்கு" என்றேன்.

வலையும் தூண்டிலும் விற்கிற கடை. கடைக்காரர் கதிரையை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையேறிக் கிடந்ததால் வியாபாரமும் இல்லை. எங்களைக் கண்டதும் எழும்பினார்.

"தங்கூசி வேணும், அண்ணை" என்றேன்.

"என்ன மீனுக்கு?"

"மீனுக்கில்லை, வாத்தியத்துக்கு."

"எந்த வாத்தியாருக்கு? இஞ்ச மீன்பிடிக்கிற வாத்தியார் ஆர்?"

என் தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். நான் உறையைத் திறந்து அறுந்த நரம்பை எடுத்து நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நரம்பை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு நுனியைப் பல்லால் கடித்து மற்ற நுனியை இழுத்து, விரலால் தட்டிக் காதால் கேட்டார். பிறகு உள்ளே போய் மூன்று சுருளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் இரு கை விரித்தளவு ஒரு பாகம் இழுத்து அதேபோலத் தட்டிப் பார்த்தார்.

"இது பாரை மீனுக்குப் போறது. இதுதான் கிட்டத்தட்டச் சரி. ஆனாலும் மற்ற ரெண்டையும் கொண்டுபோங்கோ, எது பொருந்துமெண்டு ஆருக்குத் தெரியும்" என்று மூன்றிலும் வெட்டித் தந்தார். காசு நீட்டினேன். "போங்கோ பிள்ளையள், இந்தத் துண்டுக்கு என்ன காசு" என்று திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கடற்கரையில் போய் இருந்து, வாங்கிக்கொண்டு வந்த றோல்ஸைச் சாப்பிட்டோம். கரை முழுக்கப் படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. காற்று அவளுடைய தலைமயிரைக் கலைத்துக்கொண்டேயிருந்தது. "இதுக்காகக் கடல் வரைக்கும் வந்திட்டோம் என்று சொன்னா எங்கம்மா நம்ப மாட்டாங்க" என்றாள். அந்தக் கிழமையில் நாங்கள் அரிசியையும் விறகையும் தவிர வேறொன்றைத் தேடிப் போன முதல் நாள் அதுதான்.

பாரைக்குப் போகிற தங்கூசி பொருந்தியது. இந்தமுறை சரியான பக்கத்தால் எண்ணி, ஒவ்வொரு நரம்புக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுத்தைக் குறித்துவிட்டுத் தொடங்கினோம். நாலும் பச்சையாக வந்தபோது குசினியில் சோறு அடிப்பிடித்த மணம். அன்ரிதான் இறக்கி வைத்தார்.

ஆனால் புது நரம்பு நிற்கவில்லை. சேர்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் இறங்கியிருக்கும். திரும்பச் சேர்த்து, உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தால் திரும்பவும் இறங்கியிருக்கும். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் ஏதோ பிழை செய்கிறேன் என்றே நினைத்தேன். தம்பியைக் கேட்டால், "புது நைலோன் அப்பிடித்தான் அக்கா, இழுபட்டு முடியுமட்டும் விடாது. ஒரு கிழமை பொறுங்கோ" என்றான். அவளோ, "எங்கூர்ல தப்பு அடிக்கிறவங்க, அடிக்க முன்னம் நெருப்புல காட்டிக் காட்டித்தான் தோலை ஏத்துவாங்க அக்கா. நடுவுல இறங்கினா திரும்பவும் ஓடிப்போய்க் காட்டுவாங்க. யாரும் அலுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

அலுத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகினேன். ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூடத்தால் வந்து, முகம் கழுவி, முற்றத்து வேம்பின் கீழே பாயைப் போட்டு இருப்போம். அவள் போனைப் பிடிப்பாள், நான் திருகுவேன். நாலும் சரியாவதற்கு அரை மணித்தியாலம் போகும். வாசிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆகவே சேர்த்து முடித்ததும் ஒருதரம் மேலிருந்து கீழாகத் தடவிவிட்டு, பையில் போட்டு வைத்துவிடுவோம். யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு தடவலுக்காகத்தான் அவ்வளவும்.

மின்வெட்டு நேரம் கூடியபோது போனில் சார்ஜ் நிற்கவில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் வீட்டோடு கதைக்க வைத்திருக்க வேண்டும். ஒருநாள் போன் செத்துப்போய்க் கிடக்க, நான் பாயைச் சுருட்டப் போனேன். அவள், "இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு "ம்..." என்று ஒரு சுரத்தைப் பிடித்தாள். "இதுதான் கடைசி நரம்பு. இதுக்குச் சேருங்க."

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டுத் தொண்டைல இருக்கு."

நம்பிக்கையில்லாமல்தான் சேர்த்தேன். அடுத்த நாள் போனை உயிர்ப்பித்து அந்த நரம்பைத் தட்டிப் பார்த்தால், ஊசி நடுவுக்கு ஒரு மயிரிழை இடப்பக்கமாக நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நரம்பு சரியாக இருந்தால் மற்றதை அதைக்கொண்டே சேர்க்கலாம் என்று தம்பி சொல்லித் தந்தான். ஈ நரம்பின் ஐந்தாம் கட்டத்தை அழுத்தித் தட்டினால், அது பக்கத்து ஏ நரம்பின் சத்தமாகவே கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தட்டினேன். ஒன்றாகக் கேட்டது போலத்தான் இருந்தது. "இல்லை அக்கா, நல்லாக் கேளுங்க, அலை மாதிரி அடிக்குது" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. சின்ன வயதில் தேவாரம் பாடும்போது, என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ரீச்சரை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சங்கீதக் காது இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நாலைந்து நாள் இப்படியே போனது. ஒரு பின்னேரம், காற்றில்லாமல் வேப்பிலை கூட அசையாத நேரத்தில், வாத்தியத்தின் மரத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு தட்டினேன். கேட்டது. இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசி, "வ்வா... வ்வா... வ்வா..." என்று நடுங்கிக்கொண்டிருந்தது. திருகை மெல்ல அசைத்தேன். நடுக்கம் வேகமானது. மற்றப் பக்கம் அசைத்தேன். மெதுவானது. இன்னும் மெதுவாகி, நீண்டு, ஒரு மூச்சளவு நீண்டு, பிறகு இல்லாமல் போனது. இரண்டு நரம்பும் ஒரே சத்தமாக நின்றன.

"கேட்டுது!" என்று கத்தினேன். அன்ரியின் கோழிகள் சிதறி ஓடின. அவள் கைதட்டினாள். நான் அழுதேனா என்று இப்போது சரியாகத் தெரியவில்லை. மூக்கு உறிஞ்சியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முப்பத்துநாலு வயதில், எனக்குக் காது இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு தைரியம் வந்து, பாட்டு ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு விரல் பிடிப்புப் பழகினோம். மூன்றாம் வாய்ப்பாட்டை அந்த இரண்டு பிடிப்புக்குள் அவள் ராகம் போட்டுப் பாடுவாள். அதை அவளுடைய வகுப்பில் பாடுவது என்று முடிவெடுத்தோம். எனக்கு ஓய்வுப் பாடவேளை இருந்த நாளில், வாத்தியத்தைச் சைக்கிளில் கட்டி வெயிலுக்குள் இரண்டு கட்டை மிதித்துக்கொண்டு போனோம்.

வகுப்பில் எடுத்துத் தடவினால், பெட்டி திறந்த அன்று கேட்ட அதே கண்றாவி. வெயிலும் குலுக்கலும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டிருந்தன. நாற்பது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள்தான் சமாளித்தாள். போனை மேசையில் நிமிர்த்தி வைத்து, முன்வரிசைப் பிள்ளைகளை ஊசியைப் பார்க்கச் சொன்னாள். "சத்தம் போட்டா போனுக்குக் கேட்காது. வாய் திறக்கக் கூடாது. ஊசி இந்தப் பக்கம் நிண்டா கையை உயர்த்துங்க, அந்தப் பக்கம் நிண்டா இறக்குங்க. பின்னால இருக்கிறவங்க முன்னால பார்த்துச் செய்யுங்க."

தட்டினேன். முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. திருகினேன். கைகள் இன்னும் மேலே, மேலே என்று கேட்டன. கொஞ்சம் கூடிப்போனதும் எல்லாம் பொத்தென்று இறங்கின. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மூன்றாம் வகுப்பிலிருந்து சத்தமே வராதது பள்ளிக்கூட அதிபருக்குச் சந்தேகமாகிவிட்டது. வாசலில் வந்து நின்றார். நாற்பது கைகள் அந்தரத்தில் நிற்பதைக் கண்டு, "என்ன ரீச்சர், என்ன நடக்குது இஞ்ச?" என்றார்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி உதட்டில் விரலை வைத்து அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சேர், கதையாதேங்கோ. இன்னும் வரேல்லை."

எங்கள் இருவருக்கும் உயிர் போய்விட்டது. அதிபர் அந்தச் சிறுமியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என் மடியில் இருந்ததைப் பார்த்தார். பிறகு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, தானும் ஒரு கையை மெல்ல உயர்த்தினார். கடைசி நரம்பு பச்சையானதும் மணி அடித்துவிட்டது. அன்று வாய்ப்பாடு பாடவேயில்லை. பிள்ளைகள் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. அடுத்த நாள் நான் அந்தப் பக்கம் போனபோது, "ரீச்சர், இண்டைக்கும் கை உயர்த்துவமோ?" என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த வருடம் அவளுக்கு ஜெயபுரத்துக்குக் கிட்ட மாற்றம் கிடைத்தது. எனக்குச் சில மாதங்களில் வவுனியாவுக்கு. அவள் போகும்போது வாத்தியத்தைக் கொண்டுபோகச் சொன்னேன். "உங்க தம்பி உங்களுக்கு அனுப்பினது. அதைக் கொண்டுபோனா எனக்குச் சரியா இருக்காது" என்று மறுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். அறையில் அவளுடைய கட்டில் வெறுமையாகக் கிடந்த முதல் பின்னேரம் பாயைப் போட்டு இருந்து பார்த்தேன். ஒரு கையால் போனைப் பிடித்து மறு கையால் திருகுவது எவ்வளவு கரைச்சல் என்று அன்றுதான் தெரிந்தது. அன்ரி வந்து, "கொண்டா, நான் பிடிக்கிறன்" என்று போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தார். அவருடைய அன்பை நான் குறை சொல்லவில்லை.

வவுனியாவுக்கு வந்த பிறகு பிறந்த என் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, போன மாதம் ஜெயபுரம் போயிருந்தேன். அவளுடைய மகன் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. வீடு நிறைய ஆட்கள். அவளுடைய அப்பா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு ஓடித் திரிந்தார். எங்களுக்கு ஒழுங்காகக் கதைக்க நேரம் கிடைத்தது பின்பக்கத்தில், அவள் குழந்தையின் துணிகளைக் கொடியில் போடும்போதுதான். நானும் கூட நின்று போட்டேன்.

"இப்ப வாசிக்கிறீங்களா அக்கா?"

"சேர்க்கிறன். சேர்த்து முடிக்க மகள் எழும்பிவிடுவாள். பிறகு எங்க வாசிக்கிறது?"

"அப்ப இன்னும் அங்கதான் நிக்கிறோம்" என்று சிரித்தாள்.

வெயிலில் அவளுடைய கன்னம் நன்றாக வியர்த்திருந்தது. துணி போட்டு முடிந்ததும் உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.